புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின்: பழுதறியும் முறை

பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் பயன்படும் புல் வெட்டும் இயந்திரங்கள் பலவற்றை ஒரே சிலிண்டர் கொண்ட சிறு பெட்ரோல் எஞ்சின் இயக்குகின்றது. அது திணறினாலும், அடிக்கடி நின்றுபோனாலும், உடனே பிரித்துப் போடுதல் தகாது. எஞ்சின் ஓடுவதற்கு வேண்டுவன மூன்று: உரிய அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், தக்க தருணத்தில் மின்பொறி, சிலிண்டரினுள் போதிய அழுத்தம். இவற்றுள் குறைந்தது எது என அறிந்தால், பெரும்பாலான பழுதுகளைச் சிறு செலவில் நீக்கிவிடலாம்.

முதற் பாதுகாப்பு

கத்தியைத் தொடுமுன் எஞ்சினை ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி விலக்கி வைத்தல் இன்றியமையாதது. கத்தியைக் கையால் திருப்பினால், அதனோடு இணைந்த அச்சும் சுழன்று, எஞ்சின் திடீரெனக் கிளம்பக்கூடும். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டுதலும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கும்.

பிளக்கின் நிலை

கிளப்ப முயன்று பயனில்லையெனில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அதன் நுனி உலர்ந்திருப்பின் பெட்ரோல் வந்து சேரவில்லை எனக் கொள்ளலாம். நனைந்திருப்பின் பெட்ரோல் மிகுந்துள்ளது, அல்லது மின்பொறி எழவில்லை. கரி படிந்திருப்பின் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். பிளக்கின் இடைவெளி பல எஞ்சின்களில் சுமார் 0.75 மில்லிமீட்டர்.

ஏறியிறங்கும் வேகம்

எஞ்சினின் வேகம் மாறி மாறி ஏறியிறங்கினால், கலவையில் பெட்ரோல் குறைந்துள்ளதென்பது பெரும்பாலும் உறுதி. வேகம் தாழ்ந்தவுடன் வேகக் கட்டுப்படுத்தி கலவை செல்லும் வழியைத் திறக்கின்றது. வேகம் உயர்ந்ததும் மூடுகின்றது. சோக்கைப் பாதி மூடியதும் ஓட்டம் சீராகுமாயின், கார்புரேட்டரின் நுண்துளை அடைபட்டிருக்கும், அல்லது இணைப்பில் காற்று கசியும். துளையைக் கம்பியால் குடைந்தால் அதன் அளவு மாறிவிடும். ஆதலின் துப்புரவுத் திரவமும் அழுத்தக் காற்றும் கொண்டே தூய்மை செய்தல் வேண்டும்.

சிறிது நேரம் நன்கு ஓடிப் பின் நிற்கும் எஞ்சினில், பெட்ரோல் தொட்டியின் மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். அதனால் ஓட்டம் தொடருமாயின், மூடியிலுள்ள காற்றுத்துளையே அடைபட்டுள்ளது. கத்தி கல்லில் மோதியபின் கோளாறு தோன்றினால், ஃபிளைவீலை அச்சோடு பிணைக்கும் சிறு உலோகச் சாவி நசுங்கி, மின்பொறி எழும் தருணம் பிறழ்ந்திருக்கக்கூடும். கயிற்றை இழுக்கையில் எதிர்ப்பே இல்லையெனில், வால்வையும் பிஸ்டன் வளையங்களையும் பணிமனையில் சோதித்தல் நன்று.

பழைய பெட்ரோல்

இந்தியாவில் 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாயிற்று. பல சிறு எஞ்சின்களின் கையேடுகள் 10 விழுக்காட்டையே உச்ச அளவாகக் குறிக்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். நாட்பட்ட பெட்ரோல் பிசின்போலாகிக் கார்புரேட்டரை அடைக்கும். ஆகவே, மழைக்காலம் முடிந்து இயந்திரத்தை ஒதுக்கி வைக்கும்போது தொட்டியை வடித்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுதல் வேண்டும். இச்சிறு கவனமே அடுத்த ஆண்டின் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.