முதலில் பவர் பிளக்கைப் பாருங்கள்

மின்வாரியத்தில் 33 வருடம் கம்பியோடும் டிரான்ஸ்பார்மரோடும் கழித்தவன் நான். ஓய்வுபெற்ற பணத்தில் 2020-ல் வாங்கிய மின்கார் இன்றும் மதுரையில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. புதிதாக வாங்க நினைக்கும் தம்பிகளும் தங்கைகளும் அடிக்கடி வந்து கேட்பார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ஷோரூமுக்குப் போவதற்கு முன், வண்டி நிற்கப்போகிற இடத்தில் பவர் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். 30 யூனிட் பேட்டரிக்கு ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஏழுக்கு நிறைந்திருக்கும். பத்து மணி நேரம் விடாமல் கரண்ட் இழுப்பது, பத்து நிமிஷம் அயர்ன் பாக்ஸ் போடுவது போல அல்ல. மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. ஒயர் இழுத்து, தனி எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய்த் தொட்டபோது பிளக் கை வைக்க முடியாமல் சுட்டது. பித்தளை முனையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. பத்தடி தள்ளி அவர் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். பிளக்குக்கு வழியே இல்லையென்றால் இப்போதைக்குப் பொறுங்கள். பொது சார்ஜரை மட்டும் நம்பி வண்டி வைத்திருப்பது தினம் தினம் அலைச்சல்.

2. எர்த். இதற்கு மட்டும் நான் குரலை உயர்த்திச் சொல்வேன். அக்கா மகன் புது வண்டி வாங்கிய அன்று சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது, கரண்ட் ஏறவில்லை. வண்டியில்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பக் கிளம்பிவிட்டான். நான் மல்டிமீட்டரோடு போனேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 19 வோல்ட் காட்டியது. ஒன்றிரண்டுக்குள் இருக்க வேண்டியது. கொல்லைப்புறத்தில் துளசி மாடத்துக்குப் பின்னால் எர்த் குழியைத் தேடிப் பிடித்தோம். அவன் அப்பா வீடு கட்டியபோது கரியோடு போட்ட உப்பு கரைந்துபோய், குழாயைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் பச்சை விளக்கு வந்துவிட்டது. அதோடு விடாமல் மறுவாரமே புதுக் குழி வெட்டி எர்த் போட வைத்தேன். சார்ஜர் அன்று மறுத்தது அவன் உயிரைக் காப்பாற்றத்தான். அதே எர்த்தில்தான் அந்த வீட்டு கிரைண்டரும் வாட்டர் ஹீட்டரும் அத்தனை வருடம் ஓடிக்கொண்டிருந்தன.

3. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்காதீர்கள், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். விளம்பரத்தில் வரும் கணக்கு சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்தது. நம் சாலையில் ஏ.சி. போட்டு நான்கு பேரை ஏற்றிப் போகும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கை நம்புங்கள். என் வண்டி 70, 80-ல் போனால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் தரும். நான்குவழிச் சாலையில் 110-ல் விரட்டினால் ஐந்துதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-லிருந்து 120-க்குப் போனால் இரண்டே கால் மடங்கு. பெட்ரோல் வண்டியிலும் இதே நஷ்டம் உண்டு, பெரிய டேங்க் அதை மறைத்துவிடும்.

4. மலைக்குப் போகும்போது இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். கொடைக்கானலுக்கு நான்கு பேராகப் போனோம். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் உயரம் சுமார் 1800 மீட்டர். ஆட்களோடு 1700 கிலோ வண்டியை அத்தனை உயரம் தூக்க மட்டும் எட்டு யூனிட் வேண்டும். உருளுகிற செலவு தனி. பெருமாள்மலை தாண்டியபோது பேட்டரியில் 20 சதவீதம் இருந்தது. பின்சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது 14. கணக்குப் போட்டுத்தான் கிளம்பியிருந்தேன் என்பதால் எனக்குப் பயமில்லை.

தங்கிய விடுதியின் பிளக்கில் ராத்திரி முழுக்க ஏற்றி, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கினேன். அது தப்பு. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியைப் பிடிக்கும், கரண்ட்டைப் பேட்டரிக்குத் திருப்பும். நிறைந்த பேட்டரியில் திருப்ப இடம் ஏது? முதல் சில வளைவுகளில் வண்டி பிடிக்கவே இல்லை, கால் பிரேக்கிலேயே இருந்தது. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் 90-லேயே பிளக்கை உருவுங்கள். அப்படி இறங்கிய இன்னொரு தடவை, வத்தலக்குண்டு வரைக்கும் எனக்குச் செலவானது இரண்டரை யூனிட்.

5. பிக்கப். ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்த நொடியே மோட்டார் முழு இழுவையையும் கொடுக்கும். கியர் மாற்றும் தாமதம் கிடையாது. ஆனால் முதல் மாதம் ஈகோ மோடிலேயே ஓட்டுங்கள். பஸ்ஸை முந்தும்போது இந்த இழுவை துணை. மதுரை டவுன்ஹால் ரோடு நெரிசலில் அது ஆபத்து. டயரும் சீக்கிரம் தேயும்.

6. உங்கள் பேட்டரி எல்.எஃப்.பி.யா, என்.எம்.சி.யா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகையை அவ்வப்போது முழுக்க ஏற்றச் சொல்வார்கள், அளவு சரியாகக் காட்டுவதற்கு. இரண்டாவது வகை தினசரி 80 சதவீதத்தில் நிறுத்தினால் நீண்ட நாள் உழைக்கும். நெடுஞ்சாலை வேக சார்ஜரில் எந்த வகையானாலும் 80-ல் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும், பின்னால் ஒருவர் குழந்தைகளோடு காத்திருப்பார்.

7. கரண்ட் பில். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத ரீடிங்கில் 300 யூனிட் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் விலைப்படி மாறுகிறது. இதை முன்பே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் பெட்ரோலை விடக் குறைவுதான்.

8. பெரிய பேட்டரியோடு 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றும் உண்டு. அது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும். மேலே ஏற்றிப் போகும் லாரியைக் கூப்பிடுங்கள்.

9. எங்கள் தெரு நாய்கள் மதியத்தில் வண்டி நிழலில் படுக்கும். பெட்ரோல் வண்டி என்றால் ஸ்டார்ட்டர் உறுமியதும் எழுந்து ஓடிவிடும். இது சத்தமே போடாது. பட்டனை அழுத்துவதற்கு முன் இறங்கிக் குனிந்து, நான்கு சக்கரத்தின் பக்கமும் ஒருமுறை பாருங்கள்.