குற்றவாளியின் பெயரைப் பறைசாற்றுதல்

பாலியற் குற்றம் புரிந்து தண்டனை பெற்றோர் சிறையினின்று மீண்டபின் எத்தெருவில் வாழ்கின்றனர் என்பதை ஊரார்க்கு வெளிப்பட அறிவித்தல் நியாயமாமோ? இவ்வினாவைச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, எதிர்வீட்டில் குடியிருந்தவனால் கொல்லப்பட்டாள். அவன் முன்னரே இருமுறை சிறாருக்குத் தீங்கிழைத்துத் தண்டிக்கப்பட்டவன். அஃது அண்டை வீட்டார்க்குத் தெரியாது. தெரிந்திருப்பின் எம் மகவைக் காத்திருப்போமே என்று பெற்றோர் கதறினர். அக்கதறலிற் பிறந்ததே மேகன் சட்டம். 1996-இல் அது நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. அப்பெற்றோரை நோக்கி, அறியும் உரிமை உமக்கில்லை என்று கூற நமக்கு நா எழவில்லை.

ஆயின், 2006 ஏப்ரலில் மேயின் மாகாணத்தில் நிகழ்ந்ததையும் நோக்குக. சர்க்கார் வெளியிட்ட பட்டியலில் 34 பேருடைய விவரங்களைத் தேடிப் படித்த இளைஞன் ஒருவன், அவருள் இருவரை வீடு நாடிச் சென்று சுட்டுக் கொன்றான். மாண்டோருள் ஒருவருக்கு வயது 24. அவர் செய்த குற்றம் யாதெனில், பதினாறு வயது நிரம்பச் சின்னாட்களே குறைந்திருந்த தம் காதலியோடு உறவு கொண்டமையே. பட்டியல் அவரையும் கொடியோரையும் ஒருங்கே நிறுத்திற்று. துப்பாக்கி ஏந்தியவனோ வேற்றுமை காண முயன்றானல்லன்.

பெயர் வெளியிடுதல் தண்டனையன்று, காப்புமுறையே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2003-இல் அலாஸ்கா வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அறுவர் உடன்பட்டனர், மூவர் மறுத்தனர். வேலையும் குடியிருக்க வீடும் கிடையாது அலைபவனுக்கு இந்நுண்ணிய வேறுபாடு விளங்குமோ என நாம் ஐயுறுகின்றோம்.

இவற்றினும் பெரியதொரு குறையுண்டு. போலீசாரிடம் வந்த வழக்குகளைக் கொண்டு அந்நாட்டு நீதி இலாகா 2000-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சிறாருக்குத் தீங்கிழைத்தோருள் அந்நியர் 100-க்கு 7 பேரே. ஏனையோர் உறவினரும் அறிமுகமானோருமே. தந்தையின் பெயர் பட்டியலில் ஏறின், மகள் யாரென்பது ஊர் முழுதும் தெரிந்துவிடுமன்றோ? அதற்கஞ்சித் தாயே குற்றத்தை மறைக்கவும் கூடும்.

இந்தியாவில் 2018-இல் ஏற்பட்ட தேசியப் பட்டியலைக் காவல் துறை முதலிய சட்ட அதிகாரிகளே காணலாம், பொதுமக்கள் காணவியலாது. இம்முறையே நன்றென்பது நம் கருத்து. எனினும், சிறார் பயிலும் இடங்களிலும் தங்கும் விடுதிகளிலும் ஒருவனை வேலைக்கு அமர்த்துமுன், அவ்வதிகாரிகளைக் கேட்டறிதல் வழக்கமாதல் வேண்டும். விடுதிச் சமையற்காரனையும் வண்டியோட்டியையும் இதற்கு விலக்காக்கலாகாது.