கையடக்க ரிவால்வரா, பிஸ்டலா?

கேள்வி: அமெரிக்காவில் தற்காப்புக்காக ஆடைக்குள் துப்பாக்கி வைத்திருப்போர் சிறிய ரிவால்வரை இன்னும் விரும்புவது ஏன்?

பதில்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-இல் கொண்டுவந்த ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ இவ்வகைக்கு முன்மாதிரி; .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்து கொள்ளும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தால் போதும், அடுத்தது முன்னே வந்துவிடும். சுத்தியல் உள்ளே மறைந்த வகைகள் துணியில் சிக்குவதில்லை. ஆனால் குழல் குட்டை, விசை கடினம். எடை குறையக் குறைய உதைப்பு கூடும். புதியவர்களுக்கு ஏற்றது என்று இதைப் பரிந்துரைப்பது தவறு. குறி தவறாமல் சுட நீண்ட பயிற்சி தேவைப்படும் கருவி இது.

2018-இல் வந்த சிக் சாவர் பி365 பிஸ்டல் நிலைமையை மாற்றியது. தட்டையான சிறு உடலில், 9 மி.மீ. தோட்டாக்கள் பத்து கொண்ட மேகசின். எனினும் பிடி தளர்ந்தால் தோட்டா சிக்கக்கூடும்; மேல்பகுதியைப் பின்னிழுக்க விரல் வலு வேண்டும்.

எதுவானாலும் விசையை முழுதும் மூடும் உறை கட்டாயம். உரிம விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இடுப்பு உறையில் வைத்து முறையாகப் பயிற்சி செய்பவருக்குப் பிஸ்டலே மேல். கால்சட்டைப் பையில் வைப்பவருக்கு ரிவால்வர்.