அடிமானம் மைனஸ் 2 ஆக இருக்கலாமா?

கேள்வி: பிளஸ் ஒன் கணினி அறிவியலில் அடிமானம் 2, 8, 16 படிக்கிறோம். குறை எண்களை எழுத மட்டும் இருநிலையில் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. அடிமானத்தையே மைனஸ் 2 என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இத்தாலியக் கணித அறிஞர் விட்டோரியோ குரூன்வால்ட் 1885-லேயே குறை அடிமானங்களைப் பற்றி எழுதிவிட்டார். இலக்கங்கள் அதே 0, 1 தான். இடமதிப்புகள்தான் வலமிருந்து 1, -2, 4, -8, 16 என்று குறி மாறி மாறி வரும்.

-6-ஐ எழுதிப் பாருங்கள். மைனஸ் 2-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். மீதி 0 அல்லது 1 ஆகத்தான் இருக்கலாம். -6-க்கு ஈவு 3, மீதி 0. 3-க்கு ஈவு -1, மீதி 1. -1-க்கு ஈவு 1, மீதி 1; இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள், ஆனால் (-2) × 1 + 1 = -1 சரிதானே? கடைசியாக 1-க்கு ஈவு 0, மீதி 1. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1110. அதாவது -8 + 4 - 2. மைனஸ் குறியே போடாமல் குறை எண்ணை எழுதிவிட்டோம்! எந்த முழு எண்ணையும் இப்படி எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான்.

குறி எங்கே போயிற்று? இலக்கங்களின் எண்ணிக்கைக்குள். ஐந்து இலக்க எண் என்றால் முதல் இடம் 16. மற்ற இடங்கள் சேர்ந்து குறைக்கக்கூடியது அதிகபட்சம் 10. ஆகவே அது 6-க்குக் கீழே போகாது. நான்கு இலக்கம் என்றால் முதல் இடம் -8. மற்றவை கூட்டக்கூடியது 5 மட்டுமே, ஆகவே -3-ஐத் தாண்டாது. பூஜ்யத்தை விட்டுவிட்டால், இலக்கங்கள் ஒற்றைப்படையில் இருந்தால் மிகை, இரட்டைப்படையில் இருந்தால் குறை.

எனக்கு இதைவிடவும் பிடித்தது 3-இன் வகுபடும் தன்மை. பதின்மத்தில் இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுபடுமா என்று பார்ப்போம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அது பலிக்கிறது. -2-ஐ 3-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான், ஏனென்றால் -2 = -3 + 1. எனவே 1, -2, 4, -8 என எல்லா இடமதிப்புக்கும் மீதி 1. எழுதிய எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணுங்கள். அது 3-இன் மடங்கு என்றால் எண்ணும் 3-இன் மடங்கு. 9 என்பது 11001. 15 என்பது 10011. மேலே பார்த்த -6-லும் மூன்று 1. சாதாரண இருநிலையில் 9 என்பது 1001. அங்கே இந்தச் சுலபம் கிடையாது.

இது காகிதத்தோடு நின்றுவிடவில்லை. போலந்தில் பாவ்லாக் என்ற அறிஞரின் யோசனையை ஒட்டி உருவான யுஎம்சி-1 கணினி மைனஸ் 2 அடிமானத்தில்தான் கணக்குப் போட்டது.

பின் ஏன் பரவவில்லை? கூட்டலில் தொல்லை. 1 + 1 = 110; மேல் இடத்துக்கு ஒன்றல்ல, இரண்டு இலக்கங்கள் போகின்றன. குறியை மாற்றுவதும் எளிதல்ல: 2 என்பது 110, -2 என்பது 10. உங்கள் பாடத்திலுள்ள 2-இன் நிரப்பு முறையிலோ எல்லா இலக்கங்களையும் புரட்டிப்போட்டு 1 கூட்டினால் போதும்.