கடைக் கணக்குக்கு எந்த விபிஎன்?

வெள்ளவத்தையில் கடை, கொட்டாஞ்சேனையில் ஸ்டோர். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கைப் பார்ப்பது எப்படி என்று சில வியாபாரிகள் என்னிடம் கேட்கின்றனர். நமது சேர்வரிலேயே விபிஎன் அமைப்பதுதான் வழி. 2018 மார்ச்சில் பேஸ்புக் தடைப்பட்டபோது பலரும் போனில் இறக்கிய இலவச விபிஎன் இதற்கு உதவாது. அது நமது தகவலை யாரோ ஒருவருடைய சேர்வர் வழியாக அனுப்புவது.

கணனிக்காரர் "பிபிடிபி போடுவோம், சுலபம்" என்றால் சம்மதிக்காதீர்கள். எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்தாலும் அதை ஒரு நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012இல் காட்டப்பட்டது. 2016இல் ஐபோனிலிருந்தும் அது நீக்கப்பட்டது. வயர்கார்ட் கேளுங்கள். இலவசம்; 2020 முதல் லினக்ஸுடனேயே வருகிறது.

செய்ய வேண்டியவை:

1. இணைய இணைப்பு தரும் கம்பனியிடம் நிலையான ஐபி இலக்கம் பெறுங்கள்.

2. சேர்வருக்கும் ஒவ்வொரு கணனிக்கும் இரண்டிரண்டு திறப்புகள் உருவாக்குங்கள். ஒன்று இரகசியம், மற்றது பகிரங்கம். பகிரங்கத் திறப்பை மட்டும் பரிமாறுங்கள்.

3. ரவுட்டரில் யூடிபி 51820ஐ மட்டும் சேர்வருக்குத் திறந்துவிடுங்கள்.

4. ஊழியர் விலகினாலோ போன் தொலைந்தாலோ அந்தத் திறப்பை அன்றே சேர்வரிலிருந்து நீக்குங்கள்.

கடன் கொப்பியில் இருப்பது நமது பணம் மட்டுமல்ல. வாடிக்கையாளரின் மானமும் அதில் அமானிதமாக இருக்கிறது.