முதல் கோணல் முற்றும் கோணல்: விழுந்த புல்லட்டைச் சீர் செய்யும் பாடம்



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். கீழே விழுந்து அடிபட்ட மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்துகிறோம். கிக்கரை உதைத்ததும் 'டப் டப்' என்று ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. வண்டி சரியாகிவிட்டதா? நம் வகுப்பில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் "அதான் ஓடுதில்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். போன வருடம் வரை நானும் அந்த ஒன்பதில் ஒருவன்தான்.

என் மாமா வயரிங் வேலை செய்பவர். 1987-ஆம் வருடத்து புல்லட் 350 வைத்திருக்கிறார். கடலூர் சாலையில், முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரவு வேலை முடிந்து வரும்போது ஓரத்து மணலில் சறுக்கினார். முன்சக்கரம் ஓரக் கல்லில் மோதி, வண்டி வலது பக்கமாக விழுந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. கை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு.

அந்த ஆறு வாரத்துக்குள் வண்டியைத் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "மாப்ள, நம்ம குடும்பத்துலயே மெக்கானிக்கல் படிக்கிறவன் நீ ஒருத்தன்தான். வெளிய குடுத்தா எவ்ளோ கேப்பாங்களோ, நீயே பாத்துடு" என்றார். எனக்கும் பெருமைதான்!

வளைந்த கியர் லீவரை நிமிர்த்தினேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஹேண்டில் பார் வாங்கி மாட்டினேன். பிளக், பாயிண்ட் சுத்தம் செய்தேன். செயினை டைட் செய்து, பின்சக்கர அச்சின் இரண்டு பக்கமும் உள்ள நத்தை வடிவ அட்ஜஸ்டரை ஒரே பல்லில், ஐந்தாவது பல்லில், வைத்தேன். இரண்டாம் உதையில் ஸ்டார்ட்! மாமா ஒரு கையாலேயே என் முதுகில் தட்டினார்.

மறுநாள் காமராஜர் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வேகம் 40-ஐத் தொட்டதும் வண்டி தானாக இடது பக்கம் இழுத்தது. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். அம்மாவும், முன்னால் நின்றபடி ஒரு குழந்தையும். பதற்றத்தில் வலது காலை அழுத்தினேன். பழைய புல்லட்டில் வலது கால் பக்கம் இருப்பது கியர். பிரேக் இடது பக்கம்! ஒரு சாண் இடைவெளியில் தப்பினோம். "பாத்துப் போப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். என் கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. கட்டுப் பிரித்ததும் மாமா தன் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகப்போவதும் இதே வண்டியில்தான்.

அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே முத்தியால்பேட்டையில் ஒரு பழைய பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த மேஸ்திரி இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வா தம்பி" என்றார். பிறகு சொன்னார்: "இன்ஜின் நின்னா வண்டிதான் நிக்கும். ஃபோர்க் கோணுனா ஆளே போயிடுவான்." இந்தக் கட்டுரையின் சாரம் இந்த இரண்டு வரிதான்.

புல்லட்டைப் பற்றிச் சில வரிகள்

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் புல்லட் உருவானது. இங்கிலாந்தில் மூல நிறுவனம் மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, 346 சி.சி. கொண்ட அந்த இரும்பு இன்ஜின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி வந்ததால், பழைய வண்டிக்கு இன்றும் சாமான் கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி மாட்டக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1. ஸ்டார்ட் செய்வதற்கு முன்

விழுந்த வண்டியை உடனே உதைக்காதீர்கள். பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். பேட்டரி ஆசிட் சிந்தியிருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள். ஆக்சிலேட்டர் கேபிள் சிக்காமல் தானாகத் திரும்புகிறதா, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் எந்தக் கேபிளாவது இழுபடுகிறதா என்று சோதியுங்கள்.

2. வெடிப்பு தேடுதல்

முன்பக்கம் மோதிய வண்டியில், ஹெட் பைப்போடு சேஸிஸ் குழாய்கள் சேரும் இடம்தான் முதலில் பார்க்க வேண்டியது. நம் ஊர்க் கடற்காற்றில் பெயிண்ட் விரிந்த இடமெல்லாம் துரு கோடு கட்டும். அது வெறும் பெயிண்ட் விரிசலா, இரும்பின் வெடிப்பா?

மேஸ்திரி முறை மிக எளிது. அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவுங்கள். சிறிது நேரம் விட்டு நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் ஈரக் கோடாகத் தெரியும். நாம் பாடத்தில் படிக்கும் 'டை பெனட்ரன்ட்' சோதனையின் தத்துவமும் இதுவேதான். மாமா வண்டியில் கோடு வரவில்லை. வந்திருந்தால் அதோடு வேலையை நிறுத்தியிருக்க வேண்டும்.

3. நூல் பிடித்தல்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தை நேராக வையுங்கள். நூலைப் பின் டயரின் பின்புறமாகச் சுற்றி, இரு முனைகளையும் இரு பக்கமும் முன்னால் கொண்டுவந்து இழுத்துப் பிடியுங்கள். ஸ்டாண்டு, சைலன்சர் எதிலும் நூல் உரசக் கூடாது. பின் டயரின் முன்விளிம்பை நூல் இரு பக்கமும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இப்போது முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும்.

மாமா வண்டியில் பின் டயர் 3.50 அங்குலம், முன் டயர் 3.25 அங்குலம். வித்தியாசம் கால் அங்குலம். அதில் பாதி ஒரு பக்கத்துக்கு. ஆக, இரு பக்கமும் சுமார் 3 மி.மீ. இடைவெளி வர வேண்டும். எங்களுக்கு இடது பக்கம் 13 மி.மீ. வந்தது. வலது பக்கத்தில் முன் டயரே நூலைத் தள்ளிக்கொண்டு நின்றது!

முதல் குற்றவாளி நான்தான். அட்ஜஸ்டர் பல்லை எண்ணி வைத்தேனே, அதில் ஒரு பக்கத்து அட்ஜஸ்டர் தேய்ந்து போயிருந்தது. பல் ஒன்றுதான், இடம் ஒன்றல்ல! ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை இரு பக்கமும் அளந்து பார்த்தபோது 1 மி.மீ. வித்தியாசம். "ஒரு மி.மீ. தானே?" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். அச்சின் இரு பிடிகளுக்கும் இடையே சுமார் 200 மி.மீ. புல்லட்டின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1,370 மி.மீ. பின்னால் 200-க்கு 1 என்றால், முன்னால் போகும்போது ஏறக்குறைய 7 மி.மீ. ஆகிவிடுகிறது. முதல் கோணல் முற்றும் கோணல் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

அச்சைச் சரி செய்ததும் இடைவெளி இடது பக்கம் 6, வலது பக்கம் 0 என்று வந்தது. மீதிக் கோணல் முன்பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

4. ஃபோர்க் பைப்

மோதலில் ஃபோர்க் வளையாமல் வெறுமனே முறுக்கிக்கொள்வதும் உண்டு. அதனால் முதலில் பைப்புகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் முன் அச்சையும் தளர்த்தி, ஹேண்டிலை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். பல வண்டிகள் இதிலேயே நேராகிவிடும். எங்கள் வண்டி ஆகவில்லை. பைப்புகளைக் கழற்றினோம்.

ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அளவியல் ஆய்வகத்தில் 'வி' பிளாக் மேல் வைத்து, நடுவில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினேன். வலது பைப்பில் முள் 1.6 மி.மீ. ஆடியது. இதைக் கவனியுங்கள்: முள் காட்டுவது வளைவின் இரு மடங்கு. உண்மையான வளைவு 0.8 மி.மீ. தேர்வில் இதைத் தவறாக எழுதினால் மதிப்பெண் போகும். பட்டறையில் தவறினால் வேறு ஏதாவது போகும்.

இந்தச் சின்ன வளைவு ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது? ஹேண்டில் திரும்பும் அச்சைக் கோடாகத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் போகும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்கிறதே, அதே தத்துவம். இந்தத் தூரத்தை 'டிரெயில்' என்பார்கள். ஃபோர்க் பின்னால் மடங்கினால் டிரெயில் கூடும். சக்கரம் தானாக நேராகும் குணமும் மாறும். ஒரு பைப் மட்டும் வளைந்தால் சக்கரம் சாயும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வேறொரு பட்டறையில் "கேஸ் வெச்சு சூடு பண்ணி நிமித்தித் தரேன், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்கள். மாமாவுக்கு அதில்தான் ஆசை, செலவு குறைவு. ஆனால் சூடு காட்டிய எஃகு தன் பலத்தை இழக்கும். வெளியே நேராகத் தெரியும், அடுத்த பள்ளத்தில் மறுபடி மடங்கும். மடிப்போ விரிசலோ இல்லாத லேசான வளைவைச் சூடு காட்டாமல் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம் என்பது மேஸ்திரி கருத்து. எங்கள் பைப்பில் பிடி இருக்கும் இடத்துக்குக் கீழே குரோம் உரிந்து மடிப்பு விழுந்திருந்தது.

மாமாவிடம் வாதாடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கண்ணாடிப் பலகை மேல் பைப்பை உருட்டிக் காட்டினேன். அது எழும்பி எழும்பி உருண்டது. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமா மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "புதுசே வாங்கிடு மாப்ள" என்றார்.

நண்பர்களே, சண்டே மார்க்கெட்டிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ பழைய பைப் வாங்க நேர்ந்தால் இந்தக் கண்ணாடிச் சோதனையை மறக்காதீர்கள். அது எந்த விபத்தில் கழற்றிய பைப்போ, யார் கண்டது?

5. கோன் செட், சக்கரம், பிரேக்

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'கடக்' என்று நிற்கிறதா? மோதலில் கோன் செட்டில் குழி விழுந்திருக்கிறது; மாற்ற வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது.

ரிம் கோட்டம் எடுக்கச் சாக்பீஸைப் பக்கத்தில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கோட்டமான இடத்தில் மட்டும் கோடு விழும். ஸ்போக் கம்பியை ஸ்பேனரால் தட்டினால் 'டிங்' என்பது சரி, 'டொக்' என்பது லூஸ். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் முடுக்காதீர்கள்.

சக்கரத்தை மாட்டும்போது, பிரேக் தட்டைச் சுழலவிடாமல் பிடிக்கும் பிடி சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு தடவை பாருங்கள். அது விட்டுப்போனால் பிரேக் பிடித்ததும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கைப் பிடித்தபடியே அச்சு நட்டை முடுக்கினால் கட்டைகள் நடுவில் அமையும்.

6. இன்ஜின் கடைசியில்தான்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டேப்பட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்: பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் இருக்கையில் புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கிளட்ச் லீவரில் 2, 3 மி.மீ. லூஸ். செயினை அதன் மிக இறுக்கமான இடத்தில் பார்த்து, சுமார் 25 மி.மீ. ஆட்டம் வையுங்கள். செயினைத் தொட்டால் பின்சக்கர நேரும் மாறும். ஆகவே மறுபடி நூல்!

7. ஓட்டிப் பார்த்தல்

நடமாட்டம் இல்லாத இடத்தில், ஹெல்மெட்டோடு, மெதுவாகத் தொடங்குங்கள். முதலில் பிரேக், பிறகு வளைவு, அதன் பிறகே வேகம். திரும்பி வந்ததும் எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள். பழைய புல்லட் என்றால் ஏறும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: "வலது கியர், இடது பிரேக்."

முடிவாக...

புதுப் பைப்போடு மறுபடி நூல் பிடித்தபோது இடது 3, வலது 3. மேஸ்திரி நூலைச் சுற்றி என் சட்டைப் பையில் வைத்து, "இதையும் காலேஜுக்கு எடுத்துட்டுப் போ" என்றார். டிரெயில் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. அந்தப் பெயர் தெரிந்த எனக்கு நூல் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டும் ஒருவரிடமே சேர வேண்டும் என்பதற்காகத்தான் நமக்கு வகுப்பறையும் வைத்து, ஒர்க் ஷாப்பும் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

மாமா மகள் இப்போது அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் நூல் பிடித்துவிட்டு வருகிறேன். உங்கள் வீட்டிலும் விழுந்து எழுந்த வண்டி ஒன்று நிற்கலாம். இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு நூல்கண்டு வாங்குங்கள்!

— இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவன்