பளிச்சென்ற திரையும் இருண்ட ஆல்பமும்

அன்புள்ள தங்கைக்கு,

புது 24 அங்குல ஐமேக்கைத் தவணையில் எடுப்பதா, தெரிந்தவர் விற்க வைத்திருக்கும் பழைய 27 அங்குல 5கே ஐமேக்கை வாங்கிப்போடுவதா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்த வருடத்துக்கு வேண்டாம். இதைச் சிக்கனப் புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதே. உன் கையிலிருந்து போகும் ஆல்பம் எந்த வீட்டில் யார் பிரித்தாலும் நன்றாக இருக்கவேண்டும், அந்த ஒரு கவலையில்தான் எழுதுகிறேன். உனக்குக் கண் இருக்கிறது. நீ அனுப்பிய முகூர்த்தப் படங்களில் தாலி கட்டும் நேரத்துக் கைகளை நீ பார்த்திருக்கும் விதமே அதைச் சொல்கிறது.

நல்ல திரைக்கு ஆசைப்படுவது நியாயமான ஆசை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தே சோறு தின்கிறவர்கள் நாம். 27 அங்குலத்தில் 5120க்கு 2880 என்றால் ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் பிக்சல். அங்குலத்துக்கு 218. அதற்கு முன்பிருந்த அதே அளவுத் திரையில் அங்குலத்துக்கு 109தான். முதன்முறை அதன் முன்னால் உட்கார்ந்தால் எவருக்கும் கண் விரியும். மணப்பெண்ணின் இமை முடி, மூக்குத்திக் கல்லில் விழுந்த வெளிச்சம், ஜரிகையின் இழை எல்லாம் அச்சடித்த தாளைப் போலத் தெரியும். நீ அழைப்பிதழும் செய்கிறாய். சாதாரணத் திரையில் சின்ன எழுத்தின் மேலுள்ள புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு, க எது, க் எது என்று பெரிதாக்கிப் பார்த்தால்தான் பிடிபடும். அடர்த்தியான திரையில் நிஜ அளவிலேயே பிழை கண்ணில் படும். எழுத்துரு வடிப்பவர், புத்தகப் பக்கம் அமைப்பவர், நாளெல்லாம் தமிழை உற்று வாசிப்பவர் யாராவது கேட்டிருந்தால் நான் வேறு பதில்கூட எழுதியிருப்பேன்.

ஆனால் உன் பிழைப்பு 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட். அதைக் கணக்குப் பார்ப்போம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று ஆல்பம் அச்சிடும் லேப் கேட்கிறது. ஒரு ஷீட் 10,800க்கு 3,600 பிக்சல், அதாவது 3 கோடியே 88 லட்சம். முழு அளவில் வைத்துப் பார்த்தால் 5கே திரையிலும் அகலத்தில் பாதிகூடத் தெரியாது. ஆகவே எந்தத் திரை வாங்கினாலும் நீ நகர்த்தி நகர்த்தித்தான் பார்க்கப்போகிறாய். இன்னொரு கணக்கு உண்டு. திரைக்கும் கண்ணுக்கும் 60 சென்டிமீட்டர் தூரம் இருந்தால், சாதாரணமான நல்ல பார்வை பிரித்தறிவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 145 பிக்சல் வரைதான். 27 அங்குல 4கே திரையே 163 தருகிறது. கூர்மையான கண்ணுள்ளவர்கள் அதற்கு மேலும் வித்தியாசம் காண்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசத்துக்கு உன் வாடிக்கையாளர் ஆல்பத்தில் இடமில்லை.

அந்தப் பழைய 27 அங்குல இயந்திரத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முடிவுக்கான காரணம் அதற்குள்தான் இருக்கிறது. 2014 அக்டோபரில் ஆப்பிள் முதல் 5கே ஐமேக்கை 2,499 டாலருக்கு அறிவித்தது. அதற்குச் சற்று முன்னால் டெல் நிறுவனம் தன் 5கே திரையை, கணினி எதுவும் சேராமல், கிட்டத்தட்ட அதே விலைக்கு அறிவித்திருந்தது. திரையை மட்டும் வாங்கும் காசில் முழுக் கணினியே கிடைத்தது என்பதால், அன்றைக்கு அதை வாங்கியவர்கள் புத்திசாலித்தனமாகத்தான் வாங்கினார்கள். இன்று அதே 2014 இயந்திரத்தின் திரை பல இடங்களில் இன்னும் நன்றாகவே எரிகிறது. உள்ளே இருக்கும் கணினிதான் கிழடாகிவிட்டது. 2020இல் வந்த பிக் சர்ருக்கு மேல் அதில் ஆப்பிளின் இயங்குதளம் ஏறாது. சரி, திரையையாவது வேறு கணினிக்கு மானிட்டராக வைத்துக்கொள்ளலாம் என்றால், கேபிள் போட்டு இணைக்க அதில் வழி இல்லை. அதற்கு முந்தைய, 5கே அல்லாத 27 அங்குல ஐமேக்குகளில் அந்த வசதி இருந்தது. 5கே வந்தபோது போய்விட்டது. சிலர் உடம்பைப் பிரித்து, திரைப்பலகையை மட்டும் எடுத்து, வேறு போர்டு பொருத்தி ஓட்டுகிறார்கள். வருமானம் தரும் இயந்திரத்தில் நீ அந்த வேலைக்கு இறங்கவேண்டாம்.

27 அங்குல ஐமேக்கின் விற்பனை 2022 மார்ச்சில் நின்றது. விலைக்கு வருகிற எந்த 27 அங்குல 5கே ஐமேக்கும் இன்டெல் சில்லு கொண்டதுதான். 2025இல் வந்த டஹோ இயங்குதளம், இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அதுவும் 27 அங்குலத்தில் 2020 மாடலுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் ஒருநாள் "உன் இயங்குதளம் பழையது" என்று சொல்லிவிடும். அப்போது பளிச்சென்ற அந்தத் திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

நல்ல திரை பத்து வருடம் உழைக்கும். கணினிக்கு நம் தொழிலில் ஐந்தாறு வருடம் ஆயுள். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் ஒட்டவைத்து வாங்கினால், முதலில் சாவது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். புது 24 அங்குலத்துக்கும் இது பொருந்தும். அதில் 4480க்கு 2520 பிக்சல், அருமையான திரை. ஆனால் வாங்கிய பிறகு ரேம் கூட்ட முடியாது. 2024இல் வந்த எம்4 மாடலில் அடிப்படைச் சேமிப்பு 256 ஜிபி. இரண்டு நாள் கல்யாணத்தில் நாலாயிரம் ரா ஃபைல் எடுத்தால், ஒன்றுக்கு 25 எம்பி என்றாலும் 100 ஜிபி. இரண்டு கல்யாணத்தில் பெட்டி நிறைந்துவிடும். உன் ஷீட்டில் ஒரு லேயர் முழுதாக நிரம்பினாலே 117 எம்பி. பதினைந்து இருபது லேயரோடு நாலு ஷீட் திறந்து வைத்துப் பார், 16 ஜிபி ரேம் எங்கே போகும் என்று தெரியும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். "ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருந்துச்சு, ஆல்பம் இருட்டா வந்திருக்கு" என்ற புலம்பலை நீயும் கேட்டிருப்பாய். பழி எப்போதும் லேப்பின் மேல் விழும். பெரும்பாலும் காரணம் திரையின் வெளிச்சம். திரை வெளிச்சத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள்; 24 அங்குல ஐமேக்கின் திரை 500 நிட் வரை எரியும். அச்சுக்காகப் படம் திருத்துபவர்கள் திரையை 80 முதல் 120 நிட்டுக்குள் வைக்கிறார்கள். மூன்று நாலு மடங்கு வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு மாநிற முகத்தைப் பார்த்தால் அது ஏற்கெனவே பிரகாசமாகத் தெரியும். நீ படத்தின் வெளிச்சத்தை மேலும் தூக்கமாட்டாய், சில சமயம் இறக்கிவிடுவாய். தாளுக்குத் தானாக எரியும் வெளிச்சம் கிடையாது. கல்யாண வீட்டுக் கூடத்து டியூப்லைட்டில் அந்த முகம் கறுத்து நிற்கும். விலை கூடக் கூடத் திரையின் வெளிச்சமும் கூடுகிறது என்பதால், சரிசெய்யாத உயர்ந்த திரை உன்னை அதிகமாகவே ஏமாற்றும்.

நிறத்திலும் இதே கதை. 2015இலிருந்து வந்த 5கே ஐமேக்குகளும், இப்போதைய 24 அங்குலமும் பி3 என்ற அகன்ற நிறப்பரப்பைக் காட்டுகின்றன. பெரும்பாலான லேப்கள் வாங்கிக்கொள்வது அதைவிடக் குறுகிய எஸ்ஆர்ஜிபி ஃபைலை. அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு, மயில் கழுத்து நிறம், புது மஞ்சள் கயிறு என்று நம் கல்யாணத்தின் உயிரான நிறங்கள் எல்லாம் ஓரத்தில் நிற்பவை. பி3 திரையில் அந்தச் சிவப்புக்குள் மடிப்பும் நிழலும் தனித்தனியாகத் தெரியும். தாளில் வரும்போது மொத்தமும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். பெண்ணின் அம்மா முதலில் பார்ப்பது புடவை நிறத்தைத்தான். கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து தேர்ந்தெடுத்த புடவை அது. அந்த நிறம் மாறிப்போனால் உன் வடிவமைப்பின் அழகை யாரும் பேசமாட்டார்கள். (மண்டபத்து எல்இடி விளக்கு ஊதாவாக அடித்து முகமே வெந்துபோன படத்தை எந்தத் திரையும் மீட்டுத் தராது. அது படம் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளவேண்டியது.)

ஆகவே உன் காசு முதலில் போகவேண்டிய இடம் நிறத்தை அளக்கும் கேலிப்ரேஷன் கருவி. நீ வாங்க நினைக்கும் கணினி விலையில் அது சின்னப் பங்கு. மாதம் ஒருமுறை திரையின் மேல் தொங்கவிட்டு அளந்துகொள். திரை தானாக நிறம் மாற்றிக்கொள்ளும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவை. லேப்பிடம் அவர்கள் தாளில் நிறம் எப்படி விழும் என்று காட்டும் ஐசிசி ப்ரொஃபைல் கேட்டு வாங்கு. கொடுக்கிற லேப்போடு தொழில் வைத்துக்கொள். அப்புறம் உன் அறை. நீ அனுப்பிய படத்தில் சுவர் கிளிப்பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சை திரைமேலும் உன் கண்மேலும் விழுந்துகொண்டே இருக்கும். சாம்பலோ வெள்ளையோ அடித்துவிடு, சன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடு. இதற்கு ஆகும் செலவில் கிடைக்கும் பலனை எந்த 5கேயும் தராது.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசவேண்டும். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆடியில் இல்லை, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. தவணை எல்லா மாதமும் வரும். தனி ஆளாக, வீட்டையும் பார்த்துக்கொண்டு தொழில் செய்யும் பெண் நீ. வேலையில்லாத மாதத்தில் தவணைக்காகக் குறைந்த கூலிக்கு மற்றவர்கள் ஆல்பத்தை அள்ளிப்போட்டுச் செய்ய ஆரம்பித்தால், உன் கை கெட்டுப்போகும். நிறையத் திறமைசாலிகள் அப்படித் தேய்ந்துபோனதைப் பார்த்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். ஜிஎஸ்டி பதிவு இருந்து ஒழுங்காகக் கணக்குக் காட்டுபவர்களுக்கு 18 சதவீத வரியை ஈடுகட்டிக்கொள்ளும் வழி உண்டு. உனக்கு இப்போது அதுவும் இல்லை, முழு விலையும் உன் கையிலிருந்துதான் போகும்.

இந்த வருடம் என்ன வாங்கலாம் என்றால், தனிப் பெட்டியாக ஒரு கணினி, 32 ஜிபி ரேமோடு. மேக் பழகிய கைதான் என்றால் மேக் மினி எடு. எதுவானாலும் திரை தனியாக இருக்கட்டும். 27 அங்குல 4கே, ஐபிஎஸ் வகை, எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டுவது போதும். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர் என்பதால் ஒரு யூபிஎஸ் அவசியம். அதோடு இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் இருப்பதெல்லாம் இன்னொன்றிலும் இருக்கவேண்டும், அந்த இன்னொன்று வேறு வீட்டில் இருக்கவேண்டும். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படம் அழிந்துபோனால் திரும்ப எடுக்க முடியாது. அழைப்பிதழ் பிழை பார்க்க, லேசர் பிரின்டரில் ஒரு பிரதி எடுத்துப் பார். அங்குலத்துக்கு 600 புள்ளி; இங்கே பேசிய எந்தத் திரையையும்விட அடர்த்தி அதிகம்.

எப்போதுமே 5கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு நீ பட்டு, நகை விளம்பரங்களுக்கு முகம் திருத்தும் வேலைக்குப் போனால், தலைமுடி ஒவ்வொன்றாகப் பிரித்து மாஸ்க் போட்டு அதற்கேற்ற கூலி வாங்கினால், அன்றைக்கு 5கே திரையைத் தயங்காமல் வாங்கு. அதையும் தனித் திரையாகவே வாங்கு. ஆப்பிளின் 5கே ஸ்டூடியோ டிஸ்ப்ளே 2022இல் இங்கே வந்தபோது 1,59,900 ரூபாய். இப்போது வேறு நிறுவனங்களும் 27 அங்குல 5கே திரைகளை அதைவிடக் குறைவாகத் தருகின்றன. காத்திருப்பதில் நட்டமில்லை.

முன்பணம் கட்டும் முன் ஒன்று செய். நீ முடித்துக் கொடுத்த ஆல்பத்தில் பட்டுப் புடவையும் மாநிற முகமும் சேர்ந்த ஒரு ஷீட்டின் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொள். அந்த 5கே ஐமேக் வைத்திருப்பவர் வீட்டுக்கு அச்சான ஆல்பத்தோடு போ. திரையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார். பிறகு அவரிடம் கேட்டு வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு மறுபடி பார். எந்த நிலையில் திரை உன் ஆல்பத்தைப் போலத் தெரிந்தது என்று எனக்கு எழுது. மற்றதை அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்